மூக்குத்தி மார்க்

நான் அம்பத்தூரில் பலகை மாட்டிய புதிதில் பெரிய வேலை எதுவும் வரவில்லை. வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றத்துக்கு ஒரு பிரமாணப் பத்திரம், எப்போதாவது ஒரு ஜீவனாம்ச வழக்கு. எண்பதுகளின் பின்பாதி அது. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே என் மேஜை அதிரும். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் "சார் இல்லையா?" என்று கேட்பார்கள். நான்தான் வக்கீல் என்று சொன்னால், பிறகு வருவதாகச் சொல்லி இறங்கிப் போய்விடுவார்கள்.

அந்த அக்கா அப்படிக் கேட்கவில்லை. நேராக வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. மடித்த காகிதம் ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

"தபால்ல வந்துச்சும்மா. இங்கிலீஸ்ல கீது. இன்னான்னு படிச்சு சொல்லு."

அது ஒரு வக்கீல் நோட்டீஸ். நகரத்தில் பெயர்பெற்ற ஒரு வக்கீலின் தலைப்புத்தாளில் இருந்தது. 'மூக்குத்தி' என்ற பெயரும் அதன் படமும் தன் கட்சிக்காரருக்குச் சொந்தம், அதைப் பதிவு செய்ய அவர் விண்ணப்பித்திருக்கிறார், அந்தப் பெயரில் குக்கர் ரப்பர் விற்பதைப் பதினைந்து நாளுக்குள் நிறுத்தாவிட்டால் வழக்குப் போடுவோம். இதுதான் அதன் சாரம். நான் வரிவரியாகத் தமிழில் சொன்னேன்.

"எம் பேர நானே வெக்கக்கூடாதாமா?"

"அனுப்பினவர் யாருன்னு தெரியுமா அக்கா?"

"தெரியாம இன்னா? பாரிமுனைல கடை வெச்சிருக்காரு. மூணு வருசமா எங்கையாலதான் ரப்பர் வாங்கிக்கினு போறாரு. போன மாசத்துலேர்ந்து ஆளக் காணோம். இப்ப தெரியுது ஏன்னு."

மேனாம்பேட்டில் அவளுக்கு ஒரு ஷெட் இருந்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். இவள் பதினைந்து வயதில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே பன்னிரண்டு வருடம் இருந்தாள். எந்த ரப்பரில் எதை எவ்வளவு கலக்க வேண்டும், எத்தனை நிமிடம் வேக வைக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்த்தே தெரிந்துகொண்டாள். கம்பெனியை மூடியபோது ரப்பரை அழுத்தி வேக வைக்கும் ஒரு பழைய கைப்பிரஸ்ஸையும் குக்கர் ரப்பர் அச்சு ஒன்றையும் வாங்கிக்கொண்டாள். அவள் அச்சில் போட்டு எடுப்பாள். கணவர் ரப்பர் வளையங்களைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாலைபோலக் கோத்துக்கொண்டு ஆவடி வரை போய்க் கடைகளுக்குப் போட்டு வருவார்.

அந்தப் பழைய அச்சில் ஒரு குறை இருந்தது. உள்பக்கத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு பள்ளம். அதனால் ஒவ்வொரு ரப்பரிலும் கடுகு போல ஒரு மணி நின்றது. முதலில் அதைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தாள். வேலை குவிந்தபோது சீவ நேரமில்லாமல் விட்டுவிட்டாள். ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு கடைக்காரர்தான் முதலில் சொன்னாராம், பெண்கள் வந்து 'மூக்குத்தி போட்ட ரப்பர் குடு' என்று கேட்கிறார்கள் என்று. மற்ற ரப்பர் ஆறு மாதத்தில் தளர்ந்து ஆவி விடும். இது ஒன்றரை வருடம் வரும்.

"நான் இன்னா பண்ணேன், அசிங்கமா கீதேன்னு அச்சு செய்ற டூல் ரூம்ல குடுத்து அந்தப் பள்ளத்த அடச்சிட்டேன். ரெண்டு லாட்டு அப்படியே திரும்பி வந்துச்சு. டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டாங்கம்மா! எஞ்சரக்கையே எனக்கு டூப்ளிகேட்டுன்றாங்க. அப்புறம் திரும்பவும் அதே எடத்துல ஓட்ட போடச் சொன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. நான் வளர்ந்தது குவார்ட்டர்ஸில். எங்கள் வீட்டுக் குக்கரிலும் அந்த மணி வைத்த ரப்பர்தான். அம்மா என்னைக் கடைக்கு அனுப்பும்போது மூக்குத்தி பார்த்து வாங்கு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அதைச் செய்தது இந்தக் கைகள்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் வர்த்தகச் சின்னம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. பூந்தமல்லி முன்சீப் கோர்ட்டில் அந்த மாதிரி வழக்கே போட முடியாது. மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அது அன்றைக்குச் செங்கல்பட்டில் இருந்தது. மார்க், பேட்டன்ட் எல்லாம் உயர் நீதிமன்றத்தைச் சுற்றி இருக்கும் நாலைந்து ஆபீஸ்களின் தொழில். அவர்களுடைய வாசற்படியைப் பெரிய கம்பெனிகள்தான் மிதிக்கும். நான் உண்மையைச் சொன்னேன்.

"அக்கா, இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச வக்கீல்கிட்ட வேணா கூட்டிட்டுப் போறேன்."

அவள் யோசிக்கவே இல்லை. "எனக்கும் ரப்பர் தெரியாமதான் இருந்துச்சு. கத்துக்கினேன். நீயும் கத்துக்கோ. உன்னாண்ட சொன்னா எனக்குப் புரியுது. அது போதும்."

மறுநாளே ரயிலேறினேன். நூலகத்தில் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். பிறகு வர்த்தகச் சின்னப் பதிவகத்துக்குப் போனேன். அங்கே கவுண்டரில் இருந்த ஒரு பெண் அலுவலர், நான் என்ன கேட்பது என்றே தெரியாமல் நிற்பதைப் பார்த்து, விண்ணப்பங்களை வெளியிடும் இதழ்களின் கட்டை எடுத்துப் போட்டார். "வந்திருக்கான்னு முதல்ல தேடுங்க. வந்திருந்தா நாள் பாருங்க. எதிர்க்கிறதுக்குக் கெடு மூணு மாசம்."

பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் பெயர்கள். மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு அதைப் பார்த்தேன். சின்னதாக ஒரு மூக்குத்திப் படம், கீழே பாரிமுனை முகவரி. வெளியான நாளை எண்ணிப் பார்த்தேன். கெடு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அந்த நோட்டீஸை மட்டும் அவர் அனுப்பாமல் இருந்திருந்தால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. பெயர் அவர் கைக்குப் போயிருக்கும்.

எதிர்ப்பு மனுவை ஏழாவது நாள் கொடுத்தேன். பதிலுக்கு வியாபாரி சொன்னது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. 'அந்தப் பெண் எனக்காகக் கூலிக்கு அச்சுப் போட்டுக் கொடுத்தவள், பெயர் நான் வைத்தது, பெண்களுக்கு மங்களகரமாக இருக்கட்டும் என்று மூக்குத்தி என்று வைத்தேன்.' இப்படிப் பிரமாணம் செய்திருந்தார். அவரிடம் அச்சடித்த அட்டைப்பெட்டி, விளம்பரம் எல்லாம் இருந்தன. எங்களிடம் ஒரு துண்டுச்சீட்டு இல்லை. சைக்கிளில் போட்ட சரக்குக்கு ரசீது ஏது?

"இன்னா வேணும்னு சொல்லு. கொண்டாறேன்" என்றாள் அக்கா.

"அவர் உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பேர் இருந்துச்சுன்னு காட்டணும். யாராவது சொல்லணும். எழுத்துல ஏதாவது இருந்தா இன்னும் நல்லது."

அவள் கணவரோடு சைக்கிளில் கிளம்பினாள். எந்தெந்தக் கடையில் முதலில் போட்டார்களோ அங்கெல்லாம் போனாள். ஷெட்டில் பாதி நாள்தான் பிரஸ் ஓடியது. என் அம்மா தன் பங்குக்குக் குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினேன். கல்யாணத்துக்கு வந்த குக்கர், முதல் ரப்பர் போனது மூத்தவன் பிறந்த வருடம், அப்போதே மூக்குத்திதான் என்றெல்லாம் சொன்னார்கள். ஒருத்தி தளர்ந்துபோன பழைய ரப்பரையே கொண்டுவந்திருந்தாள். அடி உருண்ட மண்பானை ஆடாமல் நிற்க அதைத்தான் பானைக்கு அடியில் வைத்திருந்தாளாம். அதில் மணி தேயாமல் இருந்தது.

இத்தனை இருந்தும் எழுத்தில் எதுவும் இல்லையே என்ற கவலை எனக்குப் போகவில்லை. ஒருநாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "அக்கா, அந்தப் பள்ளத்தை அடைச்சுக் குடுத்த டூல் ரூம் இன்னும் இருக்கா?"

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். எழுந்தாள். "வா போலாம்."

எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறை. அதை நடத்தியவர் எந்த வேலை வந்தாலும் ஓர் அட்டையில் எழுதி, வேலை முடிந்ததும் கம்பியில் குத்தி வைக்கிறவர். வருடவாரியாக அட்டைக் கட்டுகள் பரணில் கிடந்தன. அவரும் அக்காவும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். அக்காவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"இது பாரு அண்ணாத்தே, என் பேரு கீது."

அட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது: 'குக்கர் ரப்பர் அச்சு. மூக்குத்தி ஓட்டை போன மாதம் அடைத்தது. கஸ்டமர் திரும்பக் கேட்கிறார். அதே இடத்தில் மறுபடி போடவும்.' மூலையில் தேதி. வியாபாரி இந்தப் பெயரைத் தான் யோசித்ததாகச் சொன்ன நாளுக்கு இரண்டு வருடம் முந்தைய தேதி. பட்டறைக்காரர் துடைத்த கையால் அந்த அட்டையைத் தந்தார். "மேடம், இதுக்காக நான் வந்து சொல்லணும்னாலும் சொல்றேன்" என்றார். அச்சைக் கொண்டுவந்தது அக்காதான் என்று அவரும் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்.

விசாரணைக்கு நாள் வர மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் வியாபாரி தன் ரப்பரை வேறெங்கோ செய்து மூக்குத்தி என்றே விற்றார். அதிலும் ஒரு மணி இருந்தது. அது சீக்கிரம் தளர்ந்ததால் அக்காவின் பெயர் கெட்டது. சில கடைகள் அவள் சரக்கையே வேண்டாம் என்றன. வேறு பெயர் வைத்துக்கொள்ளேன் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் ஒருமுறை கேட்டேன்.

"பேர மாத்தலாம்மா. ஆனா அந்தப் பேர நானா வெச்சேன்? வாங்கினவங்க வெச்சாங்க. அவங்களாண்ட போயி, நீங்க வெச்சத வுட்டுக் குடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது?" என்றாள். அன்றைக்கு ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ரப்பரில் வெள்ளைப் பொடி தூவிக்கொண்டே சொன்னாள். நிமிரக்கூட இல்லை. அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதிவகத்தில் நடந்த விசாரணைக்கு அவளும் என்னோடு ரயிலில் வந்தாள். எதிர்த்தரப்பில் நோட்டீஸ் அனுப்பிய அதே வக்கீல். அவர் எழுந்தாலே அறை அமைதியாகிவிடும் அளவுக்கு அனுபவம். கூலிக்குச் செய்து கொடுப்பவருக்கும் வியாபாரப் பெயருக்கும் சம்பந்தமில்லை என்று தீர்ப்புகளை அடுக்கினார். என் முறை வந்ததும் எழுந்தேன். குவார்ட்டர்ஸ் பெண்களின் பத்திரங்களைக் காட்டினேன். பிறகு அந்த அட்டையைக் கொடுத்தேன்.

விசாரித்த அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். மேஜையில் இருந்த இரண்டு தரப்பு ரப்பர்களையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீலிடம் கேட்டார்.

"மங்களகரமா இருக்கட்டும்னு பேர் வெச்சதா உங்க கட்சிக்காரர் சொல்றார். சரி. உங்க ரப்பர்ல இந்த மணி எதுக்கு இருக்கு?"

வக்கீல் திரும்பி வியாபாரியைப் பார்த்தார். வியாபாரி தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார்.

"அழகுக்காக என்கிறார்" என்றார் வக்கீல்.

"குக்கர் மூடிக்குள்ள இருக்கிற ரப்பருக்கு அழகா?" என்று கேட்டுவிட்டு அதிகாரி எழுதத் தொடங்கினார்.

உத்தரவு சில வாரம் கழித்துத் தபாலில் வந்தது. வியாபாரியின் விண்ணப்பம் தள்ளுபடி. பெயரை முதலில் பயன்படுத்தியது அக்காதான் என்று ஒரு முழுப் பத்தி. நான் ஷெட்டுக்குப் போய் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். அவள் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அழவில்லை. "அந்த அட்டக்காரருக்கு மொதல்ல போயி சொல்லிட்டு வா" என்று அவரை அனுப்பினாள். நான் அவள் பெயரில் விண்ணப்பம் போட்டேன். எதிர்ப்பில்லாமல் பதிவாயிற்று.

அந்த எதிர்த்தரப்பு வக்கீலையும் இங்கே சொல்ல வேண்டும். சில மாதம் கழித்து நூலகத்தில் என்னைப் பார்த்ததும் அவரே அருகில் வந்தார். "அந்த ஜாப் கார்டு மாதிரி ஒரு எவிடென்ஸை நான் பார்த்ததே இல்லை. உங்க ஏரியாவில இந்தத் தொழிலுக்கு ஆள் வேணும், விட்டுடாதீங்க" என்றார். தோற்ற வழக்கைப் பற்றி இப்படிப் பேச எத்தனை பேருக்கு மனம் வரும்? நான் விடவில்லை.

தொண்ணூறுகளில் எல்லாம் மாறியது. வெளிநாட்டுக் கூட்டு வைத்த கம்பெனிகள் எஸ்டேட்டுக்கு வந்தன. நகரத்தில் கண்ணாடிக் கதவும் கம்ப்யூட்டரும் ஃபேக்ஸும் வைத்த சட்ட நிறுவனங்கள் முளைத்தன. மணிக்கணக்குப் பார்த்துக் கட்டணம் வாங்குகிற வழக்கத்தை அப்போதுதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். எங்கள் ஸ்டேஷன் வாசலிலேயே 'டிரேட் மார்க் பதிவு செய்து தரப்படும்' என்று பலகைகள் தொங்க ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில் ஒரு குக்கர் கம்பெனி அக்காவைத் தேடி வந்தது. தங்கள் குக்கரோடு மூக்குத்தி ரப்பரையே கொடுக்க விரும்பினார்கள். அதற்கு அவர்களுடைய சட்ட நிறுவனம் நாற்பது பக்க ஒப்பந்தம் தயாரித்தது. என்னையும் கூட்டிக்கொண்டுதான் அக்கா அந்த ஆபீஸுக்குப் போனாள். ஏ.சி. குளிரில் முந்தானையைத் தோளோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தமிழ்ல சொல்லுங்க. ஒவ்வொண்ணா" என்றாள்.

இளம் வக்கீல் ஒருவர் சொல்லத் தொடங்கினார். அன்றைக்குப் பதினோரு பக்கம்தான் முடிந்தது. பன்னிரண்டாவது பக்கத்தை மறுநாள் எடுத்தபோது அவர் ஒரு நிபந்தனை சொன்னார். பூந்தமல்லியில் ஒரு பெண் 'கம்மல்' என்ற பெயரில் குக்கர் ரப்பர் விற்கிறாள். அதிலும் ஒரு சின்ன வளையம் புடைத்திருக்கிறது. கையெழுத்துக்கு முன்னால் அவளுக்கு நோட்டீஸ் அனுப்பி அதை நிறுத்த வேண்டும். "மேடம், மார்க்கை ப்ரொடெக்ட் பண்ணலைன்னா அதோட வேல்யூ போயிடும்."

சட்டப்படி அவர் சொன்னதில் தவறில்லை. நானே அக்காவிடம் அதைத்தான் சொல்லியிருப்பேன். அக்கா இளம் வக்கீலிடம் கையை நீட்டினாள்.

"அந்த ரப்பர் ஒண்ணு இருந்தா குடுங்க."

கொண்டுவந்து கொடுத்தார்கள். இழுத்துப் பார்த்தாள், முகர்ந்தாள், நகத்தால் அழுத்தினாள். "நல்லாத்தான் பண்ணிகீறா. நான் நேர்ல பாத்துட்டு வந்து சொல்றேன்."

மறுநாள் நாங்கள் இருவரும் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினோம். கம்மல்காரி இளம்பெண். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பிரஸ். யார் வந்திருப்பது என்று தெரிந்ததும் பிரஸ்ஸை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க ரப்பரப் பாத்துதான் கம்மல்னு வெச்சேன். உங்க பேர எடுக்கல."

"எடுக்கலதான். நீ உன் பேர வெச்சுகினு கீறே. என்னுது மூக்குத்தி, உன்னுது கம்மல். ஆனா மூக்குத்தின்னு சொல்லி யாராவது உன்னாண்ட கேட்டா, அது வேறன்னு சொல்லணும். சொல்வியா?"

"சத்தியமா சொல்றேங்க்கா."

"அப்ப உன் ரப்பர இன்னும் ரெண்டு நிமிசம் கூட வேக வெய்யி. ஓரம் மாவா கீது."

அங்கேயே, பிரஸ் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்து, நான் ஒரே பக்கத்தில் தமிழில் ஒப்பந்தம் எழுதினேன். இவள் பெயரை அவள் பயன்படுத்த மாட்டாள். அவள் பெயரை இவள் எதிர்க்க மாட்டாள். இரண்டு அடையாளமும் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும். இருவரும் படித்துக் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் ஆபீஸில் இளம் வக்கீல் அதைப் பார்த்துத் தன் சீனியரிடம் போனார். அரை மணி நேரம் கழித்து வந்து, இதுவே போதும், ஒப்பந்தத்தோடு இணைத்துவிடலாம் என்றார். நாங்கள் கிளம்பும்போது என்னிடம், "மேடம், இந்தத் தமிழ் ஃபார்மட் ஒரு காப்பி கிடைக்குமா?" என்று கேட்டார். கொடுத்தேன். நாற்பது பக்கமும் தமிழில் சொல்லி முடிக்க இன்னும் மூன்று நாள் பிடித்தது. அதன்பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வருடம் அக்கா அந்தப் பூந்தமல்லிப் பெண்ணை என் அறைக்கு அழைத்து வந்தாள். 'கம்மல்' என்ற பெயரைப் பதிவு செய்ய வேண்டுமாம். நான் விண்ணப்பத்தை எடுத்து, இதழில் வெளியாவது, மூன்று மாதக் கெடு, எதிர்ப்பு வந்தால் பதில் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, தானே அவளுக்குச் சொல்லத் தொடங்கினாள். எந்தப் படிவம், எந்தக் கவுண்டர், எதை எழுதி வைக்க வேண்டும், எந்தச் சீட்டைத் தூக்கிப் போடக் கூடாது என்று ஒன்றையும் விடவில்லை. நான் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.